மூளைச் சிரைகளில் ரத்தம் உறைவது ஏன்?

பக்கவாதம் என்றால் அறுபது வயதைத் தாண்டியவர், பி.பி., சர்க்கரை, திடீரென்று கோணிக்கொண்ட வாய் என்றுதான் நமக்குப் பழக்கம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபடுவதால் வருவது அது. மூளையிலிருந்து ரத்தத்தைத் திரும்ப எடுத்துவரும் சிரைகளிலும் ரத்தம் உறையலாம் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனைகளில் இதைச் சுருக்கமாக ‘சி.வி.டி.’ என்பார்கள். பக்கவாதங்களை எல்லாம் சேர்த்து எண்ணினால் இது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் வருவது இளம் வயதில். 21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில் நோயாளிகளில் பாதிப் பேர் 37 வயதுக்கு உட்பட்டவர்கள். நாலில் மூன்று பேர் பெண்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, ரத்தமே எளிதில் உறையும் தன்மை கொண்டதாக இருந்தது.

அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘உறைதல் கோளாறு’ என்று படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவர்கள் உண்டு. அந்தக் கோளாறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். அதோடு வேறொன்று, சில சமயம் வேறிரண்டு, சேரும்போதுதான் மூளைச் சிரையில் வினை வருகிறது.

அடைத்தால் என்ன ஆகும்?

மூளையின் மேற்பரப்பில் ஓடும் சின்னச் சிரைகள், மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்குள் அமைந்த பெரிய குழல்களில் போய்ச் சேர்கின்றன. இந்தக் குழல்களுக்கும் ‘சைனஸ்’ என்றே பெயர். சளி பிடித்தால் நாம் திட்டும் மூக்கு சைனஸ் வேறு, இது வேறு. நெற்றிப் பக்கம் தொடங்கி உச்சந்தலைக்கு நேர் கீழே பின்னோக்கிப் போகும் குழல்தான் முக்கியமானது. அது பிடரிக்கு மேலே இடமும் வலமுமாகப் பிரிந்து, காதுக்குப் பின்னால் வளைந்து இறங்கி, கழுத்துச் சிரையில் கலக்கிறது. கால் சிரைகளில் இருப்பது போன்ற வால்வுகள் இங்கே கிடையாது. மேலேயிருந்து வந்து சேரும் பல சிரைகள், குழலில் ரத்தம் ஓடும் திசைக்கு எதிராகவே உள்ளே நுழைகின்றன. ஓட்டம் மெதுவாக இருக்க இதுவே போதும்.

மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் குழாயை இலைகள் அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? தண்ணீர் தேங்கும், பிறகு தளத்தில் ஊறும், கடைசியில் உள்கூரையில் ஈரம் பூக்கும். மூளையிலும் ரத்தம் பின்னோக்கித் தேங்கி, சின்னச் சிரைகள் புடைத்து, நீர் கசிந்து, அந்தப் பகுதி வீங்கும். அழுத்தம் இன்னும் ஏறினால் சிவப்பணுக்களே வெளியே கசிந்து ரத்தக்கசிவாகவும் மாறும். இன்னொரு சிக்கலும் உண்டு. மூளையைச் சுற்றியுள்ள தெளிந்த நீர் வடிவதும் அந்த உச்சந்தலைக் குழலுக்குள்தான். அது அடைபட்டால் அந்த நீரும் தேங்கி, மண்டைக்குள் அழுத்தம் கூடும்.

அறிகுறிகள் மெதுவாக வருவதற்கும் இதுதான் காரணம். பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருக்கும். அது நாளுக்கு நாள் கூடும். படுத்தால் அதிகமாகும், இருமினாலோ முக்கினாலோ இன்னும் அதிகமாகும். வாந்தி வரலாம், பார்வை மங்கலாம், ஒன்று இரண்டாகத் தெரியலாம். பத்தில் நாலு பேருக்கு வலிப்பு வருகிறது. தமனி அடைப்பில் வலிப்பு இவ்வளவு சகஜமில்லை. நான் மேலே சொன்ன ஆய்வில் அறிகுறி தொடங்கி நோய் கண்டுபிடிக்கப்படும் வரை பாதிப் பேருக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தது. ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை, கண் பவர் என்று கண்ணாடி, அதற்குள் ஏழு நாள் ஓடிவிடும். சாதாரண சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. சிரைகளைத் தனியாகக் காட்டும் எம்.ஆர்.வி. அல்லது சி.டி. வீனோகிராம் எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும். எடுக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

உறைவதும் உறையாமல் காப்பதும்

ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைவதற்கு மூன்று விஷயங்கள் காரணம் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோவின் பெயரால் ஒரு பாடம் உருவானது. ஓட்டம் மந்தமாவது, குழாய்ச் சுவர் காயப்படுவது, ரத்தத்தின் தன்மை மாறுவது. இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். மூளைச் சிரைகளில் முதலாவது இயல்பாகவே கொஞ்சம் இருக்கிறது. காதில் சீழ் பிடித்துப் பின்னெலும்பு வரை பரவினாலோ, முகத்தில் பெரிய கட்டி வந்தாலோ இரண்டாவது சேரும். ஆன்டிபயாடிக் வந்த பிறகு அது குறைந்துவிட்டது. மூன்றாவதுதான் நம் விஷயம்.

விரலில் கத்தி பட்டால் ரத்தத்திலுள்ள புரதங்கள் ஒன்றையொன்று வரிசையாகத் தட்டி எழுப்புகின்றன. வரிசையின் கடைசிப் பகுதியில் த்ராம்பின் என்ற நொதி உருவாகிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை அது ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இழைகள் வலையாகப் பின்னி, தட்டணுக்களையும் சிவப்பணுக்களையும் பிடித்து அடைப்பாக நிற்கின்றன. இது காயம்பட்ட இடத்தோடு நிற்க வேண்டும். நிறுத்துவதற்கு உடலிடம் தனி ஏற்பாடு இருக்கிறது.

ஆன்டித்ராம்பின் என்ற புரதம் த்ராம்பினையே பிடித்து முடக்கும். புரோட்டீன் சி, தன் துணையான புரோட்டீன் எஸ்ஸோடு சேர்ந்து, வரிசையில் வேகத்தைக் கூட்டும் ஐந்தாம், எட்டாம் காரணிகளை (உறையவைக்கும் புரதங்களை இப்படி எண்ணிட்டு அழைப்பார்கள்) வெட்டிப் போடும். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. புரோட்டீன் சி-யை வேலைக்கு எழுப்புவதும் த்ராம்பின்தான். காயமில்லாத குழாய்ச் சுவரில் உள்ள ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டதும், உறையவைக்கும் அதே நொதி உறைதலை நிறுத்தும் வேலைக்கு மாறிவிடுகிறது.

பிறவியில் வரும் உறைதல் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தத் தடுப்பு ஏற்பாட்டில் விழும் ஓட்டைகள்தான்.

பிறவியில் வருபவை

நார்வேயில் ஒரு குடும்பத்தில் பலருக்குச் சிரைகளில் ரத்தம் உறைந்தது. அவர்களுக்கு ஆன்டித்ராம்பின் குறைவாக இருப்பதை ஓலாவ் எகெபெர்க் என்ற மருத்துவர் 1965-இல் எழுதினார். பரம்பரையாக ரத்தம் உறையலாம் என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான ஆதாரம் அதுதான். 1981-இல் புரோட்டீன் சி குறைபாடும், அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் புரோட்டீன் எஸ் குறைபாடும் கண்டறியப்பட்டன. இவை மூன்றும் அரிதானவை, ஆனால் வலுவானவை. குறிப்பாக ஆன்டித்ராம்பின் குறைபாடு.

அடுத்து வந்தவை வலுக் குறைந்தவை, ஆனால் பரவலானவை. 1993-இல் ஸ்வீடனில் பியோர்ன் டால்பேக், சிலருடைய ரத்தம் புரோட்டீன் சி-க்குக் கட்டுப்படாமல் இருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் லைடன் நகரக் குழு காரணத்தைப் பிடித்தது. ஐந்தாம் காரணியில், புரோட்டீன் சி வெட்ட வேண்டிய இடத்தில், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. வெட்டு எளிதில் விழாது, காரணி அதிக நேரம் வேலை செய்யும். இதன் பெயர் ஃபேக்டர் ஃபைவ் லைடன். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் இது இருக்கிறது. அதே நகரத்தில் 1996-இல், த்ராம்பினின் முன்வடிவமான புரோத்ராம்பினின் மரபணுவிலும் ஒரு மாற்றம் கண்டார்கள். அது இருந்தால் புரோத்ராம்பின் சற்று அதிகமாகச் சுரக்கும்.

இணையத்தில் தேடினால் இந்த இரண்டும்தான் முதலில் வந்து நிற்கும், ஏனென்றால் எழுதியவர்கள் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். நம்மூரில் கதை வேறு. ஃபேக்டர் ஃபைவ் லைடன் இந்தியாவில் குறைவு. புரோத்ராம்பின் மாற்றம் மிக மிக அரிது. இங்கே சி.வி.டி. வந்தவர்களிடம் மருத்துவர்கள் அதிகம் தேடுவது புரோட்டீன் சி, எஸ், ஆன்டித்ராம்பின், கீழே வரும் ஆன்டிபாடி, ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவு, கூடவே ரத்தசோகை.

ஹோமோசிஸ்டீனைக் கையாள்வதில் பங்குள்ள எம்.டி.ஹெச்.எஃப்.ஆர். என்ற மரபணுவின் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘த்ராம்போஃபிலியா (உறைதல் கோளாறு) புரொஃபைல்’ என்று லேப்களில் விற்கும் பேக்கேஜ்களில் இது அநேகமாக இருக்கும். அந்த மரபணுவின் மாறிய வடிவம் உலகம் முழுக்க ஏராளமானவர்களுக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து மருத்துவத்தில் மாற்றிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு ஹோமோசிஸ்டீனும் பி12-உம் பார்க்கலாம். ஹோமோசிஸ்டீன் கூடினால் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் கூடும், பி12 குறைவு நம் நாட்டில் சாதாரணம். மாத்திரை கொடுத்தால் ஹோமோசிஸ்டீன் இறங்கும். அதனால் மறுபடி ரத்தம் உறைவது குறையும் என்று மட்டும் மருத்துவ ஆய்வுகள் காட்டவில்லை. பி12 குறைவு நரம்பையும் கெடுக்கும் என்பதால் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும், அது தனிக் கணக்கு.

நடுவில் வந்து சேர்பவை

பிறக்கும்போது சரியாக இருந்த ரத்தம் பிறகும் மாறலாம். முதலில் சொல்ல வேண்டியது ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் சிண்ட்ரோம். உடலின் பாதுகாப்பு அமைப்பே, அணுச்சவ்வில் ஒட்டும் புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்கிறது. லண்டனில் கிரஹாம் ஹியூஸ் 1983-இல் இதைத் தனி நோயாக விவரித்தார். திரும்பத் திரும்பக் கரு கலைவது, கால் சிரையில் உறைவு, மூளைச் சிரையில் உறைவு என்று பல வடிவங்களில் வரும். தமனியையும் விட்டுவைக்காது. இதற்கான சோதனை ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் வர வேண்டும். ஏதாவது காய்ச்சல் வந்து போனாலும் இந்த ஆன்டிபாடி கொஞ்ச நாள் தலைகாட்டும்.

எலும்பு மஜ்ஜை அளவுக்கு மீறி அணுக்களை உற்பத்தி செய்யும் நோய்களும் இந்தப் பட்டியலில் உண்டு. 2005-இல் கண்டறியப்பட்ட ஜாக்2 மரபணு மாற்றம் அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை. ‘ஹீமோகுளோபின் 18, நல்ல ரத்தம்’ என்று பெருமைப்படுகிறவர் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. மறுபக்கம், இரும்புச்சத்துக் குறைந்த கடும் ரத்தசோகையும் உறைதலைத் தூண்டும். சிறுநீரில் புரதம் ஒழுகும் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமில் ஆன்டித்ராம்பினும் கூடவே ஒழுகிப் போய்விடுகிறது. குழந்தைகளுக்கு மூளைச் சிரை உறைவு வந்தால் இதையும் பார்ப்பார்கள்.

2021-இல் உலகமே பேசியதும் இந்த வகைதான். அடினோவைரஸை வைத்துச் செய்த கோவிட் தடுப்பூசிகளுக்குப் பிறகு, மிகச் சிலருக்கு மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்தது. விசித்திரம் என்னவென்றால் அவர்களுக்குத் தட்டணு எண்ணிக்கை குறைந்திருந்தது. தட்டணுவிலிருந்து வரும் ஒரு புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகி, அதுவே தட்டணுக்களை உசுப்பிச் செலவழித்தது என்று ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் கிரைனாகர் குழுவும் மற்றவர்களும் சில வாரங்களில் கண்டுபிடித்தார்கள். இதில், ரத்தம் உறையாமல் தடுக்கும் வழக்கமான ஊசி மருந்தான ஹெபாரினைத் தவிர்த்து வேறு உறைவெதிர்ப்பு மருந்தும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தார்கள்.

இரண்டு சேரும்போது

இத்தாலியின் மிலான் நகரில் 40 நோயாளிகளை வைத்துச் செய்து 1998-இல் வெளியான ஆய்வு சின்னதுதான். ஆனால் இந்த நோயைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை. புரோத்ராம்பின் மரபணு மாற்றம் மட்டும் இருந்தால் மூளைச் சிரை உறைவின் வாய்ப்பு சுமார் 10 மடங்கு. கருத்தடை மாத்திரை மட்டும் என்றால் சுமார் 22 மடங்கு. இரண்டும் இருந்தால் 150 மடங்கை நெருங்கியது. கூட்டலில் வரவேண்டியது பெருக்கலில் வந்து நிற்கிறது.

இதைப் படித்துப் பதறுவதற்கு முன் இன்னொரு எண்ணையும் வைத்துக்கொள்ள வேண்டும். நெதர்லாந்துக் கணக்குப்படி ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் சுமார் 13 பேருக்கே இது வருகிறது. சின்ன எண்ணைப் பல மடங்கு பெருக்கினாலும் மாத்திரை சாப்பிடும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை.

மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டி, புரோட்டீன் எஸ்ஸைக் குறைக்கிறது. கர்ப்பமும் அதையே செய்கிறது. பிரசவத்தில் ரத்தம் கொட்டித் தாய் சாகாமல் இருக்க உடல் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. குழந்தை பிறந்த பிறகும் சில வாரங்கள் நீடிக்கும். அப்போது ரத்தசோகை, கிருமித்தொற்று, உடலில் நீர் வற்றுதல் ஏதாவது சேர்ந்தால் ஆபத்து. இந்திய மருத்துவமனைகள் பல பத்தாண்டுகளாகவே பிரசவத்துக்குப் பிந்தைய சி.வி.டி.யைப் பற்றி அதிகம் எழுதி வந்திருக்கின்றன. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு போட்டுவிடும் என்று அளந்து கொடுக்கும் பத்தியம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டிமார் மீது மரியாதை இருக்கட்டும், இந்தப் பத்தியத்தை மட்டும் விட்டுவிடலாம்.

நம்மூருக்கே உரிய இன்னொன்று, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. கோவில் திருவிழா, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே வாங்கிச் சாப்பிடுவது சாதாரணம். அதிலிருக்கும் நோரெதிஸ்டிரோன் அதிக அளவில் போகும்போது, ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. தலைவலியோடு வரும் இளம்பெண்ணிடம் அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர் இதைத் தனியாகக் கேட்பார். ‘ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயாம்மா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும், அதை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை.

சோதனையை எப்போது செய்வது?

உறைவு ஏற்பட்ட உடனே, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று குடும்பத்தார் அவசரப்படுவார்கள். ஆனால் புதிதாக உறைந்திருக்கும்போது இந்தப் புரதங்கள் செலவாகி, தாமாகவே குறைந்து தெரியும். ஹெபாரின் ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். உறைவைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரின் புரோட்டீன் சி, எஸ் இரண்டையும் குறைக்கும். கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் இயல்பாகவே இறங்கியிருக்கும். அந்த நேரத்து அறிக்கையை வைத்துக்கொண்டு ‘உனக்குப் பரம்பரைக் கோளாறு’ என்று ஒரு பெண்ணின் தலையில் எழுதிவிட்டால், அது கல்யாணப் பேச்சு வரை தொடரும். இந்தப் புரத அளவுகளை மருந்துக் காலம் முடிந்த பிறகு, மருத்துவர் சொல்லும் இடைவெளி விட்டுப் பார்ப்பதுதான் சரி. மரபணுச் சோதனையை மட்டும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் தேவையும் இல்லை. இளம் வயது, வெளிப்படையான காரணமே இல்லாதது, குடும்பத்தில் பலருக்கு உறைந்தது, மறுபடி வந்தது என்றால் தேடுவதில் பயன் அதிகம்.

சிகிச்சை

மூளையில் ரத்தம் கசிந்திருக்கும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறார்கள் என்றால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். மருத்துவர்களுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1991-இல் ஜெர்மனியில் கார்ல் ஐன்ஹாய்ப்ல் குழு 20 நோயாளிகளில் பத்துப் பேருக்கு ஹெபாரினும் பத்துப் பேருக்கு வெற்று மருந்தும் கொடுத்துப் பார்த்தது. மூன்று மாதத்தில் ஹெபாரின் பெற்ற எட்டுப் பேர் முழுக்கக் குணமானார்கள், ஒருவரும் சாகவில்லை. மற்றப் பத்துப் பேரில் மூன்று பேர் இறந்தார்கள், முழுக்கக் குணமானவர் ஒருவர்தான். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். கசிவுக்குக் காரணமே பின்னால் நிற்கும் அடைப்பு. அடைப்பு வளராமல் பார்த்துக்கொண்டால் உடல் அதை மெல்லக் கரைக்கும், அழுத்தம் இறங்கும்.

ஹெபாரினுக்குப் பிறகு மாத்திரை. வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்து, பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்திருப்பார்கள். வார்ஃபரினின் முதல் சில நாட்களில் புரோட்டீன் சி-தான் சீக்கிரம் விழும், அதனால் ஹெபாரினை உடனே நிறுத்தாமல் இரண்டையும் சில நாள் சேர்த்தே கொடுப்பார்கள். டாபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகளும் இப்போது பயன்படுகின்றன. ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் சிண்ட்ரோம் கடுமையாக இருந்தால் மட்டும் வார்ஃபரினே பாதுகாப்பு.

எத்தனை நாள் என்பதில்தான் உறைதல் கோளாற்றுக்கு உண்மையான வேலை வருகிறது. பிரசவம், மாத்திரை போன்ற கடந்துபோகும் காரணம் என்றால் 3 முதல் 6 மாதம். காரணம் தெரியவில்லை என்றால் 6 முதல் 12 மாதம். மறுபடி வந்தாலோ, ஆன்டித்ராம்பின் குறைபாடு போன்ற வலுவான கோளாறு இருந்தாலோ, ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் உறுதியானாலோ வாழ்நாள் முழுக்க.

ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையை இவர்கள் மறுபடி தொடக் கூடாது. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். ‘இனிமேல் பிள்ளையே பெறக் கூடாதா?’ என்று கேட்பவர்கள் நிறைய. பெறலாம். அடுத்த கர்ப்பத்தில் மறுபடி மூளைச் சிரையில் உறையும் வாய்ப்பு குறைவுதான். வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவைப் பாதிக்கும் என்பதால், அதைச் சாப்பிடுகிறவர்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தாண்டாத ஹெபாரின் ஊசிக்கு மாற்றி, கர்ப்பம் முழுக்கவும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரமும் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். தொடையிலோ வயிற்றிலோ தாங்களே குத்திக்கொள்ளும் சின்ன ஊசிதான், ஓரிரு நாளில் பழகிவிடும்.